ட்ரம்பெட் கேட்டதும் கதவைச் சாத்த வேண்டாம்: கன்ட்ரி ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கன்ட்ரி இசை ரசிகர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஸ்டர்ஜில் சிம்ப்சனின் 'எ செய்லர்ஸ் கைட் டு எர்த்' ஆல்பம் 2016 ஏப்ரலில் வெளிவந்தபோது உங்களில் பலர் எழுதிய தீர்ப்பு ஒரே வரிதான்: "இது கன்ட்ரியே இல்லை." அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றவை ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும். 2019 செப்டம்பரில் அவருடைய 'சவுண்ட் அண்ட் ஃப்யூரி' வந்தது. அப்போதும் அதே வரி. கூண்டில் மட்டும் சிந்தசைசரும் கரகரக்கும் எலெக்ட்ரிக் கிதாரும். ஓர் ஆல்பம் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் என்னென்ன கருவிகள் ஒலிக்கின்றன என்று எண்ணிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு நிற்காது.

கன்ட்ரி முன்னோடி பாப் வில்ஸின் டெக்சஸ் ப்ளேபாய்ஸ் குழுவில் 1930களிலேயே ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் இருந்தன. ஜானி கேஷ் 1963இல் 'ரிங் ஆஃப் ஃபயர்' பாட்டுக்கு மெக்சிகோவின் நாட்டுப்புறக் குழு இசையான மரியாச்சியின் ட்ரம்பெட்டைக் கொண்டுவந்தார். பேன்ஜோ, அடிமைகளாக இழுத்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கைவழி வந்த வாத்தியம். தந்திகளின் மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிதார் ஹவாயிலிருந்து வந்தது. கன்ட்ரியின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியின் மேடை, டிரம்ஸையே நெடுங்காலம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது.

கன்ட்ரியின் உயிர் என்று நீங்கள் சொல்லும் அந்தப் பெடல் ஸ்டீல் (காலால் மிதிக்கும் பெடல் கொண்ட ஸ்டீல் கிதார்) அழுகைக்கும் ஒரு பிறந்த ஆண்டு உண்டு. வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துத் தந்திகளின் சுருதியை ஏற்றினார். 1954இல் அந்தப் பாட்டு பெரிய வெற்றி பெற்ற பிறகுதான் மற்றவர்களும் அதைத் தேடி ஓடினார்கள். இன்று வழக்கத்தில் உள்ள இ9 சுருதியமைப்பில் 10 தந்திகள். முதல் பெடல் 'பி' தந்தியை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி 'சி ஷார்ப்' ஆக்கும். அடுத்த பெடல் 'ஜி ஷார்ப்'பை அரை ஸ்வரம் ஏற்றி 'ஏ' ஆக்கும். 'இ' தந்தி அசையாமல் நிற்கும். ஒரு குரல் நிற்க, இரண்டு குரல்கள் வழுக்கி மேலேறும் அந்த நொடிதான் நம் நெஞ்சைப் பிசைகிறது. அந்த ஒலி 'செய்லர்ஸ் கைட்'டில் இல்லை என்று யார் சொன்னது? டேன் டக்மோர் அதில் ஸ்டீல் வாசித்திருக்கிறார். 'ப்ரேக்கர்ஸ் ரோர்', 'சீ ஸ்டோரீஸ்' இரண்டையும் கேளுங்கள். ப்ரூக்ளினின் சோல் இசைக்குழு டாப்-கிங்ஸ் ஊதும் ட்ரம்பெட் முதலில் காதை நிறைத்துவிடுவதால் பலருக்கு ஸ்டீல் கேட்காமலே போய்விடுகிறது.

கேட்கும் முறையிலும் கோளாறு நடக்கிறது. 'செய்லர்ஸ் கைட்' ஆல்பத்தில் இருப்பவை 9 பாட்டுகள், ஏறத்தாழ 39 நிமிடம். ஒரு தகப்பன் தன் மகனுக்கு எழுதும் கடிதமாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒழுகும்படி கோத்தது. முதல் பாட்டு பியானோவும் வயலின்களுமாக மெல்லத் தொடங்கி, நடுவில் சட்டென்று தாளம் மாறி, கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையாக வெடிக்கும். இதை ஷஃபிளில் (வரிசையைக் கலைத்துப் போடும் வசதியில்) போட்டால் கடிதத்தின் பக்கங்களைக் கலைத்துப் போட்டுப் படித்த கதைதான். ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் க்ராஸ்ஃபேடை பூஜ்யத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் சிம்ப்சன் பார்த்துப் பார்த்து வைத்த இணைப்புகளின் மேல் ஆப் தன் இணைப்பைப் பூசிவிடும். பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைச் சமன்செய்யும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அது மெதுவான பாட்டைத் தூக்கி, உரத்த பாட்டை அழுத்திவிடும். வெடிப்பு வெடிப்பாகக் கேட்காது.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறோம். பேஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தச் சின்ன ஸ்பீக்கர் கைவிரித்துவிடும். அடித்தளம் போய்விட்டால் ட்ரம்பெட்டின் கூர்மை மட்டும் மிஞ்சும். "ஒரே இரைச்சல்" என்ற புகார்களில் பாதி இங்கே பிறப்பதாகத்தான் எங்களுக்குத் தோன்றுகிறது.

'சவுண்ட் அண்ட் ஃப்யூரி'யைப் பற்றிய ஒரு புகாரை மட்டும் நாங்களும் ஏற்கிறோம். அதில் பாடும் குரல் கிதார் புகைக்குள் புதைந்து கிடக்கிறது. சொற்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கன்ட்ரி என்றால் கதை சொல்லும் குரல் முன்னே நிற்க வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால் அது நியாயமான வாதம். சிந்தசைசர் இருக்கிறது என்பதை விட நூறு மடங்கு கனமான விமர்சனம் அது. அந்த ஆல்பம் பிறகு அமெரிக்காவின் கிராமி இசை விருதுகளில் ராக் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டதும் பொருத்தமே. 'செய்லர்ஸ் கைட்' 2017இல் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமியை வென்றது. அதுவும் சரியான முடிவுதான்.

சந்தேகம் தீராதவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். 2020இல் சிம்ப்சன் தன் பழைய பாட்டுகளை 'கட்டின் கிராஸ்' என்ற தலைப்பில் இரண்டு தொகுதிகளாக, பேன்ஜோவும் ஃபிடிலும் மேண்டலினும் முன்னிற்கும் ப்ளூகிராஸ் பாணியில் மறுபடி பதிவு செய்தார். மேண்டலினில் சியரா ஹல், ஃபிடிலில் ஸ்டூவர்ட் டங்கன். 2016இன் 'கால் டு ஆர்ம்ஸ்' பாட்டையும் இரண்டாம் தொகுதியில் உள்ள அதே பாட்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். ட்ரம்பெட் நின்ற இடத்தில் பேன்ஜோவும் ஃபிடிலும் நிற்கும். மெட்டு அதேதான். போரின் மீதான கோபமும் அதேதான். இரண்டாவதைக் கன்ட்ரி குடும்பத்தில் சேர்த்துக்கொண்டு முதலாவதைத் தள்ளுவீர்கள் என்றால், காரணத்தைப் பாட்டுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுங்கள்.

அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையா? எந்தப் பாட்டில், எந்த நிமிடத்தில், எது உறுத்தியது என்று எழுதுங்கள். கடைசி எழுத்து வரை வாசிக்கிறோம்.

அன்புடன்,
சக ரசிகர்கள்