அரிவாளும் துப்பாக்கியும்: நண்பருக்கு ஒரு கடிதம்

ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சட்டப் படிப்பை முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டாள் என்ற செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மிகுந்த மகிழ்ச்சி தந்தது. என் வாழ்த்தை அவளிடம் சொல். அரிவாளால் வெட்டியவனைத்தான் பிடிப்பார்களே தவிர அதை அடித்துக் கொடுத்த கொல்லனைப் பிடிப்பதில்லை, துப்பாக்கிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நல்ல முறையில் செய்து, சட்டப்படி விற்ற துப்பாக்கியால் எவனோ ஒருவன் கொலை செய்தான் என்பதற்காக மட்டுமே தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும் என்றால் அது நியாயமில்லை. ஆனால் உன் கொல்லனிடமே வருவோம். அவன் அரிவாள்களை ஒரு குறிப்பிட்ட கடைக்குக் கொடுக்கிறான். அந்தக் கடையிலிருந்து போனவைதான் கொலை நடந்த இடங்களில் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன என்று போலீசாரே வந்து சொல்கிறார்கள். அதன் பிறகும் அவன் அதே கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், அவனுக்கு இதில் பங்கே இல்லை என்று நீ வாதாடுவாயா?

2002 அக்டோபரில் வாஷிங்டன் நகரைச் சுற்றி இருவர் மறைந்திருந்து சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களிடம் இருந்தது புஷ்மாஸ்டர் நிறுவனத்தின் ரைஃபிள். அது டகோமா நகரத்துக் கடை ஒன்றிலிருந்து காணாமற்போனது. அந்தக் கடையின் இருப்புக் கணக்கில் அது ஒன்று மட்டும் அல்ல, இருநூறுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் எங்கே போயின என்று சொல்ல முடியாத நிலை இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் கடை மீதும் தயாரிப்பாளர் மீதும் தொடுத்த வழக்கு 2004இல் சமரசமாக முடிந்து, மொத்த இழப்பீடு 25 லட்சம் டாலர் என்று ஆனபோது, அதில் ஐந்தரை லட்சத்தைத் தயாரிப்பாளரே கொடுத்தார். தன் துப்பாக்கியை விற்கும் கடைக்காரர்களுக்குப் பாதுகாப்பு முறைகளைச் சொல்லிக்கொடுக்கவும் ஒப்புக்கொண்டார். தனி உரிமையியல் வழக்கு ஒன்று சாதித்த காரியம் இது.

அடுத்த ஆண்டே அந்த வழி அடைபட்டது. 2005 அக்டோபரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம், மூன்றாம் நபர் செய்த குற்றத்துக்காகத் துப்பாக்கித் தயாரிப்பாளர் மீதும் விற்பனையாளர் மீதும் வழக்குத் தொடுப்பதைச் சில விதிவிலக்குகளோடு தடுத்துவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ போன்ற நகரங்கள் வரிசையாக வழக்குப் போட்டதால் தொழிலே அழிந்துவிடும் என்ற அச்சம் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அச்சம் முழுவதும் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார். 2012இல் கொலராடோவின் அரோரா திரையரங்கில் மகளை இழந்த பெற்றோர், கொலையாளிக்கு இணையம் வழியே தோட்டா விற்றவர்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு தள்ளுபடியானதோடு, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்காக இரண்டு லட்சம் டாலருக்கு மேல் அவர்களே கட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. இதைப் படித்தபோது எனக்கு ஆறவே இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று, எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய நியூடவுனில், பள்ளிக்கூடத்தில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த ரைஃபிளும் புஷ்மாஸ்டர்தான். கொலையாளியின் தாய் சட்டப்படி வாங்கியது. ஆகவே கடையைக் குறைசொல்ல வழியில்லை. குடும்பங்களின் வழக்கறிஞர்கள் விளம்பரத்தைப் பிடித்தார்கள். ரைஃபிளின் படத்தைப் போட்டு, இதை வாங்கினால் ஆண்பிள்ளை என்ற அட்டை உனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள் என்று சொன்ன விளம்பரம் அது. இப்படிச் சந்தைப்படுத்துவது மாநிலத்தின் முறையற்ற வணிகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது, ஆகவே கூட்டாட்சிச் சட்டத்தின் விதிவிலக்கில் அடங்கும் என்ற வாதத்தை, கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் 2019இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் விசாரணைக்கு ஏற்றது. 2022இல் புஷ்மாஸ்டரின் உரிமையாளரான ரெமிங்டன் நிறுவனத்தின் தரப்பு ஒன்பது குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர் தருவதாக வழக்கு முடிந்தது. நிறுவனம் திவாலாகிவிட்டதால் கொடுத்தவர்கள் அதன் நான்கு காப்பீட்டாளர்கள்.

நான் காப்பீட்டுத் துறையில் இருப்பவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு தொழிற்சாலைக்குப் பொறுப்புக் காப்பீடு எழுதும்போது, முன்பு என்னென்ன புகார் வந்தது, அதற்கு என்ன செய்தீர்கள், யார் மூலம் விற்கிறீர்கள் என்று கேட்காமல் நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. வழக்கு வரும் என்ற பயம் இருக்கும் வரைதான் அந்தக் கேள்விகளுக்கு மதிப்பு. நீதிமன்றக் கதவை மூடிவிட்டால் கேட்க ஆளில்லை. நியூடவுன் குடும்பங்கள் பணத்தைவிட மேலாக வற்புறுத்திப் பெற்றது, நிறுவனத்தின் உள் ஆவணங்களை ஆயிரக்கணக்கான பக்கங்கள் வெளியிடும் உரிமையைத்தான்.

தயாரிப்பாளருக்கு எதுவும் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், ஏ.டி.எஃப். என்ற கூட்டாட்சி முகமை அதன் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு முதலில் கேட்பது தயாரிப்பாளரைத்தான்: இதை எந்த விநியோகஸ்தருக்கு அனுப்பினீர்கள்? அங்கிருந்துதான் கடைக்குப் போகிறார்கள். அப்படித் தடம்பிடித்த துப்பாக்கிகளில் பாதிக்கும் மேல், கடைக்காரர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலான சிறு கூட்டத்தின் மூலமே போயிருக்கின்றன என்று அந்த முகமை 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டது.

அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மீது மெக்சிகோ அரசு தொடுத்த வழக்கை 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியதை நீ உன் வாதத்துக்கு ஆதரவாகக் காட்டியிருக்கிறாய். சில கடைகள் கடத்தல்காரர்களுக்கு விற்கின்றன என்று பொதுவாகத் தெரிந்திருப்பது குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாகாது என்று நீதிபதி எலினா கேகன் எழுதினார். இப்போதுள்ள சட்டத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் எனக்குக் குறை தெரியவில்லை. சட்டத்தில்தான் குறை. தெரிந்தே சட்டத்தை மீறினார் அல்லது உடந்தையாக இருந்தார் என்று நிரூபித்தால்தான் பெரும்பாலும் உண்டு, வெறும் கவனக்குறைவு என்றால் இல்லை என்ற சலுகை, மருந்து செய்கிறவருக்கும் கார் செய்கிறவருக்கும் இல்லாதபோது இவர்களுக்கு மட்டும் எதற்கு? பொறுப்பு உண்டா இல்லையா என்பதை ஜூரி ஆதாரம் பார்த்துத் தீர்மானிக்கட்டும். தயாரிப்பாளர் ஜெயித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வழக்காடுகிறவன் நீ, இந்த ஒரு கேள்விக்காவது அடுத்த கடிதத்தில் பதில் எழுது. மகளிடமும் கேட்டு, அவள் என்ன சொல்கிறாள் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
ராமநாதன்