பத்ம விருதுக் குழுவுக்கு, கோவில்பட்டி மைதானத்திலிருந்து

பத்ம விருதுக் குழுவினருக்கு வணக்கம்.

நான் கோவில்பட்டிக்காரன். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், ஊரில் 'பி.டி. சார்' என்றால்தான் தெரியும். சமீபத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, உங்கள் இணையதளத்தில் ஒருவரைப் பரிந்துரைத்து விண்ணப்பம் நிரப்பினேன். அந்த நாற்காலியில் தொடங்கிய யோசனைதான் இந்த மடல்.

விளையாட்டு வீரருக்கு பத்ம விருது என்றாலே, "காசு வாங்குறான், விளம்பரத்துல நடிக்கிறான், இவனுக்கு எதுக்கு நாட்டோட விருது?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கிரிக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பேசும் பேச்சு அது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கிய கே.டி. ஜாதவைப் பார்த்துவிட்டு யாரும் அப்படிக் கேட்க முடியாது. அவரை அனுப்பப் பணம் போதாமல் கோலாப்பூர் கல்லூரி முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்தார். ஜெயித்து வந்த ஜாதவ், குஸ்திப் பந்தயங்கள் நடத்தி அந்தக் கடனை அடைத்தார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்ததற்கு 1996-இல் டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் வரும்வரை 44 வருடம் காத்திருந்தோம். ஜாதவ் 1984-இல் சாலை விபத்தில் இறந்தார். உயிரோடு இருந்தவரை ஒரு பத்ம விருது வரவில்லை. விளையாட்டுக்கென்றே உள்ள அர்ஜுனா விருதுகூட இறந்து பல வருடம் கழித்துத்தான் வந்தது.

அதனால் கொடுக்கலாமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்போது கொடுக்கிறீர்கள், யாரைப் பார்த்துக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் என் வழக்கு.

இரண்டு தங்கங்களைப் பாருங்கள். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். 2017 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவித்தீர்கள். நாலே மாதம். அன்று பள்ளியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தவன் நான், அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க மாட்டேன். ஆனால் பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் முரளிகாந்த் பேட்கர் வாங்கியது. 1965 போரில் குண்டடி பட்ட ராணுவ வீரர். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் ஜெயித்தார். அவருக்கு பத்மஸ்ரீ வந்தது 2018-இல். 46 வருடம்! இடையில் மாறியது என்ன? டிவி வந்தது, அவ்வளவுதான்.

சச்சின் விஷயமும் அப்படித்தான். பாரத ரத்னா விதியில் முன்பு கலை, இலக்கியம், அறிவியல், பொதுச்சேவை என்றுதான் இருந்தது. விளையாட்டுக்கும் இடம் கிடைக்கும்படி 2011-இல் திருத்தினார்கள். நல்ல திருத்தம். ஆனால் 2013 நவம்பர் 16 அன்று வான்கடேயில் அவர் கண்ணீரோடு விடைபெற்ற அதே நாளில் அறிவிப்பு வந்தது. தகுதி இல்லை என்று சொல்லவில்லை. ஸ்டேடியத்தின் கைதட்டல் அடங்கும்வரையாவது பொறுத்திருக்கலாமே என்றுதான் சொல்கிறேன். 1928, 1932, 1936 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹாக்கி வீரர் தியான் சந்துக்குக் கிடைத்தது 1956-இல் பத்மபூஷண்தான். ஹாக்கி ஊர்க்காரனுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும், மன்னியுங்கள்.

(இந்த விருதுகளைப் பட்டம் என்றே எல்லோரும் சொல்கிறோம். இது பட்டமில்லை, பெயருக்கு முன்னாலும் பின்னாலும் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. எங்கள் ஊர் ஃபிளெக்ஸ் கடைக்குத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.)

பத்ம விருதில் பணம் கிடையாது; ஒரு பத்திரம், ஒரு பதக்கம். அப்படியும் அதற்கு எடை உண்டு. 2023 டிசம்பரில் மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா தன் எதிர்ப்பைக் காட்ட டெல்லி நடைபாதையில் வைத்துவிட்டுப் போனது அந்தப் பத்மஸ்ரீயைத்தானே.

சரி, என் விண்ணப்பத்துக்கு வருகிறேன். நான் பரிந்துரைத்தவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். எழுபது தாண்டியாயிற்று. நாற்பது வருடமாகக் காலையில் மைதானத்துக்கு வந்து, சுண்ணாம்புத் தூளைக் கொட்டாங்கச்சியில் அள்ளிக் கோடு போட்டு, பிள்ளைகளுக்குச் சும்மா ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறார். உடைந்த மட்டையை ஒட்டி, மேலே பழைய சைக்கிள் ட்யூபை இழுத்துச் சுற்றித் தருவார். அந்த மட்டையில் ஆடிய பையன்கள் ரயில்வேயிலும் போலீஸிலும் இன்று வேலையில் இருக்கிறார்கள்.

உங்கள் படிவம் அவருடைய சாதனையை 800 சொற்களுக்குள் எழுதச் சொல்கிறது. பெற்ற விருதுகளைக் கேட்டது, இல்லை. பத்திரிகைச் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று அவரைக் கேட்டேன். ஒரு பாலிதீன் கவரை எடுத்துவந்தார். உள்ளே 1978 தேதியிட்ட ஒரு மாவட்டச் சான்றிதழ், ஓரமெல்லாம் கறையான் அரித்தது. தன்னைத்தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் உங்கள் விதி இடம் தருகிறதாம். சொன்னேன், சிரித்தார்.

நான் கேட்பது இரண்டே. பதக்கம் வாங்கிய சூட்டோடு வருகிறவர்களுக்குக் கேல் ரத்னாவும் அர்ஜுனாவும் பணத்தோடு இருக்கின்றன. மாரியப்பனுக்குத் தமிழ்நாடு அரசே 2 கோடி ரூபாய் தந்தது. பத்ம விருதை அவர்களுக்குச் சில வருடம் கழித்துக் கொடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம், வருடத்துக்கு 120 பேர் என்ற உங்கள் வரம்புக்குள் இவரைப் போன்றவர்களுக்கு வழிவிட, வரும் காகிதத்தை மட்டும் எடை போடாதீர்கள். ஆளை அனுப்பிப் பாருங்கள்.

அப்படி யாரையாவது இங்கே அனுப்பினால் காலை ஆறு மணிக்கு வரச்சொல்லுங்கள். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு பி.டி. சார்,
கோவில்பட்டி