காரை விற்கச் சொன்ன மகளுக்கு

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்பு மகளுக்கு,

வீட்டுக் காரை விற்றுவிட்டு, மாதச் சந்தா கட்டி, வேண்டும்போது பேருந்தையும் ஆட்டோவையும் வாடகைக் காரையும் பயன்படுத்தும் ஏற்பாடு வந்தால் அதற்கு மாறிவிடலாமே என்று நீ எழுதியிருந்ததை நானும் அம்மாவும் பேசிப் பார்த்தோம். கணக்கில் நீ சொல்வது சரிதான், கண்ணு. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் கார் உறை போர்த்தியே நிற்கிறது. வைப்பருக்கு அடியில் புங்கஞ்சருகு சேர்ந்து கிடக்கிறது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்பதற்காகவே காலையில் சற்று நேரம் என்ஜினை ஓடவிடுகிறேன். கடைவீதிக்கும் ஜங்ஷனுக்கும் டவுன் பஸ்ஸே போதும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு, அம்மா காரில் ஏறவே யோசிக்கிறாள்.

ஆனால் நாங்கள் காரை வைத்திருப்பது அன்றாடம் போய்வருவதற்காக அல்ல, போயே ஆக வேண்டிய ஓர் இரவுக்காக. ஏற்காட்டில் உன் அத்தைக்கு நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வர எந்த ஓட்டுநர் உடனே ஒப்புக்கொள்வார்?

ஹெல்சின்கியில் 2016இல் வந்த ‘விம்’ செயலியைப் பற்றிப் படித்தேன். மாதம் 499 யூரோ கட்டினால் பேருந்து, டிராம், குறுந்தூர டாக்ஸி, வாடகைக் கார் எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார்கள். 2024இல் அந்த நிறுவனம் திவாலாகிவிட்டது. பிறர் ஓட்டும் வண்டிக்குச் சீட்டு வாங்கி விற்பவர், ஓட்டுபவர் விலையை ஏற்றினால் நமக்குக் கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவார்? அதை நம்பிக் காரை விற்றவர்கள் இருந்திருந்தால் அவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும்! உன் ஜெர்மனியில் 2023இல் வந்த மாதச் சீட்டு வேறு வகை. நாடு முழுவதும் ஓடும் வட்டார ரயிலும் பேருந்தும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. சுவிட்சர்லாந்தில் 1997 முதல் நடக்கும் ‘மொபிலிட்டி’ என்ற கூட்டுறவுச் சங்கம், வேண்டியபோது வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொள்ள, ரயில் நிலையங்களிலேயே கார்களை நிறுத்திவைக்கிறதாம். அப்படி ஒன்று நம் ஜங்ஷன் வாசலில் வந்தால், முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

அதுவரை இருக்கிற கார் இருக்கட்டும். இந்த ஆண்டு இன்சூரன்ஸையும் புதுப்பித்துவிட்டேன். தம்பிதான் தனக்கென்று இன்னொரு கார் வேண்டுமென்று முன்பணத்துக்கு அரித்துக்கொண்டிருக்கிறான். உன் கடிதத்தை அவனிடம் படிக்கக் கொடுத்திருக்கிறேன். பணம் கொடுப்பதாக இல்லை.

அன்புடன்,
அப்பா