பால் மேல் பழி போடாதீர்கள், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

கடலூர் முதுநகர் வீட்டில் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவந்து பார்த்துக்கொள்கிறீர்கள். பிரசவமாகி நாலாம் மாதம் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வருகிறது. "பால் குடுக்கிறதாலதான், நிறுத்திடு" என்கிறீர்கள். வேண்டாம்மா.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுவதால், உதிரவேண்டிய முடியும் தலையிலேயே தங்கிவிடும். அப்போது சடை கனத்தது அதனால்தான். பிரசவமானதும் ஹார்மோன் சட்டென இறங்கும். தங்கிய முடியெல்லாம் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி, இரண்டு முதல் நான்கு மாதத்தில் கொட்டத் தொடங்கும். பால் பவுடர் கொடுப்பவளுக்கும் கொட்டும். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும்.

எங்களுக்குக் கவலை உங்கள் பத்தியம்தான். மாதக்கணக்கில் ரசம் சோறும் பூண்டுக் குழம்பும் மட்டும் என்றால், கொட்டிய இடத்தில் முடி எதை வைத்து முளைக்கும்? பாலூட்டும் முதல் ஆறு மாதம் தினமும் கூடுதலாக 600 கலோரியும் 17 கிராம் புரதமும் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது; 100 கிராம் நெத்திலியில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் உண்டு. பால் ஊறும் என்று கொடுக்கும் சுறாப் புட்டை மட்டும் தள்ளிவையுங்கள். மற்ற மீன்களைத் தின்று வளரும் சுறாவில் பாதரசம் சேரும். பால் ஊறுவது குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதால். சுறா இல்லாவிட்டாலும் ஊறும்.

அடுத்தது, அந்தச் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பிரசவத்துக்குப் பிறகும் தினம் ஒன்றாக 180 நாள் போடவேண்டும். பலர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே மறந்துவிடுகிறார்கள். டீ, காபியோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாற்றோடு போடட்டும். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இதற்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். வயிறு எரிந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடலாம்.

ஒரு வருஷம் தாண்டியும் கொட்டினால், வட்டமாகச் சொட்டை விழுந்தால், கூடவே படபடப்போ தீராத அசதியோ இருந்தால், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டுவது) தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெடுவது அபூர்வமல்ல. மருந்துக் கடையில் யாரோ சொல்லி முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கியிருந்தால், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். தைராய்டு ரிசல்ட்டையே அது மாற்றிக் காட்டும்.