முதலில் தேன்பெட்டி, அப்புறம் அருங்காட்சியகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறையில் ஒரே நாளில் போய்வரக்கூடிய பயணங்கள் பற்றி எழுதியிருந்தீர்கள். உணவு தயாரிப்பவர்களை அவர்களுடைய இடத்துக்கே போய்ப் பார்க்கச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அருங்காட்சியகத்தைக் காலையிலும் அவர்களை மதியத்துக்குப் பிறகும் வைத்திருக்கிறீர்கள். அந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சென்ற ஆண்டு நாங்களும் அப்படித்தான் போனோம். அருங்காட்சியகத்தில் வைக்கோல் புரியால் பின்னிய பழைய தேன்கூடு ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கூடையைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். பெயரும் காலமும் மட்டும் எழுதிய சிறு அட்டை. பிள்ளைகள் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அங்கிருந்து சீஸ் செய்யும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. விடியற்காலையில் கறந்த பாலை உறையவைத்து, அறுத்து, நீரை வடித்து, அச்சில் அழுத்தி, பாத்திரங்களைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். நாங்கள் பார்த்தது ஈரத் தரையைத்தான்.

இந்த விடுமுறையில் மாற்றிப் போனோம். போவதற்கு முந்தின நாளே தேனீ வளர்ப்பவரை அழைத்து, எப்போது திறந்திருக்கும் என்று கேட்காமல் எப்போது வேலை நடக்கும் என்று கேட்டோம். காலையில் போனால் அவர், தேனீக்கள் மெழுகு அடை கட்டும் மரச்சட்டம் ஒன்றைப் பெட்டியிலிருந்து தூக்கிக் காட்டினார். பூவிலிருந்து தேனீ கொண்டுவருவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். இறக்கையால் விசிறி விசிறி அந்த ஈரத்தைக் குறைத்து, ஏறக்குறைய 20 சதவீதத்துக்கும் கீழே வந்த பிறகே அறைகளை மெழுகால் மூடுகின்றன. மூடாத அடையிலிருந்து எடுத்தால் தேன் புளித்துப்போகும் என்றார். மெழுகு மூடியைக் கத்தியால் சீவிவிட்டு, சட்டத்தைக் கைப்பிடியால் சுழலும் உருளைக்குள் நிறுத்தினார். என் மகள்தான் கைப்பிடியைச் சுற்றினாள். தேன் தெறித்து வழிந்தது. அடை உடையாமல் பெட்டிக்குத் திரும்பியது.

மதியம் அதே அருங்காட்சியகம், அதே கூடை. "இதுல சட்டம் எங்கே? அப்புறம் எப்படித் தேன் எடுத்தாங்க?" என்று கேட்டாள். அட்டையில் பதில் இல்லை. அங்கிருந்த ஊழியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அடை கூடையின் உட்புறத்தோடு ஒட்டியிருக்கும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். தேனுக்காகத் தேனீக்களையே கொல்வதும் வழக்கமாக இருந்ததாம். கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டிக்கு லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கர் 1852-இல் காப்புரிமை பெற்றார். சுழற்றித் தேன் எடுக்கும் கருவியை இத்தாலியில் வாழ்ந்த ஹ்ருஷ்கா என்பவர் 1865-இல் உருவாக்கினார். காலையில் தான் சுற்றிய கைப்பிடி அந்த வழியில் வந்தது என்று தெரிந்ததும், மகள் கூடையை விட்டு நகரவே இல்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட பட்டியல் போடும்போது, கடை திறக்கும் நேரத்தோடு வேலை நடக்கும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். தேனுக்குப் பருவம் உண்டு, அந்த மாதங்களையும் சொல்லுங்கள். அருங்காட்சியகத்தின் வார விடுமுறை எந்த நாள் என்பதும் வேண்டும். தேன்பெட்டிக்குப் பக்கத்தில் போகிறவர்கள் வாசனைத் திரவியம் பூசாமல் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் நல்லது. வேலை நேரத்தில் நமக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர்களிடம் ஒரு பாட்டிலாவது வாங்கி வாருங்கள் என்றும் எழுதுங்கள்.

அருங்காட்சியகத்தார் இதைப் படித்தால் அவர்களிடமும் கேட்கிறேன்: அந்தக் கூடையிலிருந்து தேனை எப்படி எடுத்தார்கள் என்று அட்டையில் இரண்டு வரி சேருங்கள்.

சீஸ் செய்யும் இடத்துக்கு அடுத்த விடுமுறையில் மறுபடியும் போகிறோம். காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி