ஓட்டல் தொழிலாளர் சங்கத் தலைவர்களுக்கு: எங்கள் ஓட்டுரிமையையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள்

தமிழ்நாட்டில் ஓட்டல், விடுதித் தொழிலாளர் சங்கங்களை நடத்திவரும் தோழர்களுக்கு வணக்கம்.

நான் சென்னையில் 19 வருடமாக வேலை செய்கிறேன். கிளீனராகச் சேர்ந்தேன், இப்போது சப்ளையர். சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம். ஓட்டும் அங்கேதான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் ஓட்டுப் போட்டது இரண்டே தடவை. அதில் ஒன்று, அப்பா காரியத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது தேர்தலும் சேர்ந்து வந்ததால்.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். காலை ஏழு மணிக்கெல்லாம் நாற்பது இட்லிப் பொட்டலத்தை இரண்டு பையில் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பூத் ஏஜெண்டுகளுக்கான ஆர்டர் அது. வாசலில் வரிசை நின்றிருந்தது. எங்கள் கடைக்குத் தினமும் காபி குடிக்க வரும் பெரியவர் ஒருவர் அந்த வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன தம்பி, போட்டாச்சா?" என்றார். "இல்லய்யா, எனக்கு ஊர்ல" என்றேன். "அப்ப போகலயா?" என்று கேட்டார். சாம்பார் பாக்கெட் சூடாறிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று கடையில் ஒரு போர்டு வைத்திருந்தார்கள். விரலில் மை இருந்தால் பில்லில் சலுகை. வந்தவர்கள் எல்லாம் விரலை நீட்டினார்கள். பார்த்து டிக் அடித்துக் கல்லாவுக்கு அனுப்புவது என் வேலை. அன்று டியூட்டியில் இருந்த பதினேழு பேரில் மை வைத்தவர்கள் மூன்று பேர். மூவரும் சென்னைக்காரர்கள். நடுவில் இடைவேளை விடும் பிரேக் டியூட்டி என்பதால் காலை பதினோரு மணிக்கு வெளியே போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். மற்ற பதினான்கு பேரின் பூத்துகள் சிவகங்கை, திருநெல்வேலி, ராமநாதபுரம் என்று வெளியூர்களில் இருந்தன. பாத்திரம் கழுவும் அசாம் பையனுக்கு ஊர் போய்ச்சேரவே ஏறக்குறைய மூன்று நாள்.

லீவு கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டோம். "எல்லாரும் போனா கடையை யார் பார்ப்பா?" என்ற பதில் வந்தது. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 135பி. எந்தக் கடையானாலும் நிறுவனமானாலும், ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும். தினக்கூலிக்கும் இது பொருந்தும். வேலை ஒரு தொகுதியில், ஓட்டு வேறு தொகுதியில் இருப்பவருக்கும் இது உண்டென்று தேர்தல் ஆணையமே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் மீறினால் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். ஒரு குடும்பம் எங்கள் கடையில் ஒருவேளை சாப்பிட்டால் அதைவிடக் கூடுதலாக வரும். அதே பிரிவில், ஒருவர் வராததால் ஆபத்தோ கணிசமான நட்டமோ வரும் என்றால் விலக்கு என்றும் இருக்கிறது. அந்த ஒரு வரியை முதலாளிகள் தங்களுக்கு வேண்டியபடி படித்துக்கொள்கிறார்கள். அதை எதிர்த்து வாதாட எங்கள் பக்கம் யாருமில்லை. இந்த மடல் உங்களுக்கு வருவது அதனால்தான்.

தேர்தல் வந்தால் நீங்களும் எங்களிடம் வருகிறீர்கள். ரூமுக்கு வந்து துண்டறிக்கை கொடுத்து, எந்த அணிக்குப் போட வேண்டும் என்று விளக்குகிறீர்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, "உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது, அன்றைக்குப் போக முடியுமா?" என்று யாரும் கேட்டதில்லை. சம்பள உயர்வு, பேட்டா, பி.எஃப்., வார ஆஃப் எல்லாம் கோரிக்கைப் பட்டியலில் இருக்கின்றன. ஓட்டு இல்லை.

அமெரிக்காவில் நம்மைப் போன்றவர்களே நடத்தும் சங்கம் ஒன்றின் கதையைச் சொல்கிறேன். லாஸ் வேகாஸ் நகரின் சமையல் தொழிலாளர் சங்கம், 226ஆம் கிளை. 1935இல் தொடங்கியது. ரூம் சுத்தம் செய்பவர்கள், சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், பெட்டி தூக்குபவர்கள் என்று ஏறக்குறைய 60,000 பேர் அதில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2008 ஜனவரி 19, சனிக்கிழமை, அந்த நகரம் இருக்கும் நெவாடா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களை நடத்தியது. உச்சிப்பொழுதில் நேரில் வந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். சனிக்கிழமை மதியம் என்றால் கேசினோ ஓட்டல்களில் வேலை நெட்டி முறியும் நேரம். அதனால் கட்சி ஒரு ஏற்பாடு செய்தது. தொழிலாளி வீட்டுப் பக்கம் போக வேண்டாம், அந்த ஓட்டல்களுக்குள்ளேயே ஒன்பது இடங்களில் கூட்டம் நடக்கும், சுற்றி 2.5 மைலுக்குள் ஷிஃப்டில் இருப்பவர்கள் அங்கே வந்து கலந்துகொள்ளலாம் என்று.

அதை நிறுத்தச் சொல்லிச் சிலர் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஜனவரி 17ஆம் தேதி, அதாவது இரண்டே நாள் முன்னால், தடை விதிக்க மறுத்தது. கூட்டம் நடந்தது. தொழிலாளர்கள் யூனிஃபார்மோடு வந்து நின்றார்கள். சங்கம் ஆதரித்தது ஒபாமாவை. ஆனால் அந்த ஒன்பது இடங்களில் பெரும்பாலானவற்றில் ஹிலாரி கிளிண்டன் ஜெயித்தார். தங்களுக்காகத் திறந்த கதவு வழியாக வந்து, சங்கம் சொன்னவரை விட்டுவிட்டுத் தங்களுக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு உங்கள் நினைப்புதான் வந்தது. நீங்களும் இப்படி எங்களுக்காக நில்லுங்கள். யாருக்குப் போடுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தச் சங்கம் இன்னொன்றும் செய்திருக்கிறது. தேர்தல் வேலைக்காகத் தொழிலாளி விடுப்பெடுத்துப் போய்விட்டுத் திரும்பி வந்தால் அதே வேலை இருக்கும் என்று ஓட்டல்களோடு போட்ட ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறது. நம் ஒப்பந்தத்தில் அவ்வளவு வேண்டாம். வெளியூரில் ஓட்டு உள்ளவனுக்கு வாக்குப்பதிவு நாளும் பயணத்துக்கு ஒரு நாளும் சம்பளத்தோடு என்று ஒரு வரி போதும். கடை நின்றுபோகும் என்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆளில்லாமல் இரண்டு மூன்று நாள் அடைக்கிற கடைகள் சென்னையில் எத்தனை! பாதி ஆளை வைத்து டிபன் மட்டும் போடத் தெரிந்த முதலாளிகள்தான் எல்லோரும். தேர்தல் நாளில் போலீஸ்காரருக்கும் பூத் அலுவலருக்கும் சாப்பாடு வேண்டும் என்பது எனக்கும் தெரியும், நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சென்னையில் ஓட்டு உள்ளவர்கள் அன்று கடையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓட்டைச் சென்னைக்கே மாற்றிக்கொள்ளேன் என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு அது நல்ல வழிதான், பிரேக்கில் போய்ப் போட்டுவிட்டு வரலாம். ஆனால் நாங்கள் இருப்பது கடைக்கு மேல்மாடி ரூம். நாங்கள் அங்கே தங்கியிருக்கிறோம் என்று முதலாளி எழுத்தில் எதுவும் தரமாட்டார். கடை மாறினால் ரூமும் மாறும். 2025 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயின. அதில் 66 லட்சத்துக்கும் மேல் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் வந்தவை. எங்கள் கடையில் சமைக்கும் சரக்கு மாஸ்டர் பெயர் அதில் போனது. ஊரிலிருந்து எடுத்துப் பழைய கடை ரூம் முகவரியில் சேர்த்திருந்தார். அந்தக் கடை மூடிப் போய் ஒன்றரை வருடம். படிவம் கொண்டுவந்தவர் பூட்டிய ஷட்டரைத்தான் பார்த்திருப்பார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், பட்டியலை என் போனில் மூன்று தடவை தேடச் சொன்னார். அப்புறம் எதுவும் பேசாமல் மாவு பார்க்கப் போய்விட்டார்.

வீடே இல்லாதவரைப் பட்டியலில் சேர்க்க ஆணையத்தில் ஒரு முறை இருக்கிறது. பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6இல் சொன்ன இடத்துக்கு வாக்குச்சாவடி அலுவலர் இரவில் போய், அவர் அங்கே படுத்திருக்கிறாரா என்று பார்ப்பார். காகிதச் சான்று தேவையில்லை. நடைபாதையில் தூங்குகிறவருக்கு இது பொருந்தும்போது மேல்மாடியில் பாய் விரித்துத் தூங்குகிற எங்களுக்கு ஏன் பொருந்தாது? இரவு பதினோரு மணிக்கு மேல் எந்த ஓட்டல் ரூமுக்கு வந்தாலும் நாங்கள் இருப்போம். இந்தக் கோரிக்கையைத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் ஒரு தனி ஆளாக நான் கொண்டுபோனால் வாசலோடு சரி. நீங்கள் போனால் உட்காரவைத்துக் கேட்பார்கள்.

அசாம் பையனுக்கு இதெல்லாம்கூட உதவாது. வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட, 72 தொகுதிகளைக் கையாளும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் உருவாக்கி, 2023 ஜனவரி 16ஆம் தேதி அதைச் செய்துகாட்டக் கட்சிகளைக் கூப்பிட்டது. கட்சிகள் சந்தேகம் எழுப்பின, சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சில் புலம்பெயர்ந்த தொழிலாளியின் குரல் எங்கே இருந்தது? அந்த இடத்தில் தொழிற்சங்கங்கள் உட்கார வேண்டும்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை ஆஃப். சங்க அலுவலகத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் கொடுங்கள். படிவம் 6, முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 நிரப்ப எனக்குத் தெரியும், கடையில் ஆறு பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பதினொன்றிலிருந்து நாலு மணி வரை, எல்லோருக்கும் பிரேக் இருக்கும் நேரம், உட்கார்ந்திருப்பேன். முதல் ஆளாக எங்கள் சரக்கு மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சப்ளையர்,
சென்னை