குளத்தை மொட்டை அடிச்சிடாதீங்க

ஏரி, குளம் பராமரிப்பைக் கையில வச்சிருக்கிற அதிகாரிகளுக்கு வணக்கம்.

அல்லியும் கோரையும் மண்டி, தண்ணி லேசா பச்சையா, அடியில கருஞ்சேறா ஒரு குளம் கிடந்தா உடனே பாழாப்போச்சுன்னு மெஷினை இறக்கிடுறீங்க. சத்து நிறைஞ்ச தண்ணி அப்படித்தாங்க இருக்கும், அது அழுக்கு இல்ல.

அந்தச் சேத்துல ஒரு கை அள்ளி வெள்ளைத் தட்டுல போட்டு தண்ணி ஊத்திப் பாருங்க, கொஞ்ச நேரத்துல சிவப்பு நூல் மாதிரி புழு நெளியும். ஆக்ஸிஜன் கம்மியான சேத்துல பிழைக்கணும்னு உடம்புல ஹீமோகுளோபின் வச்சிருக்கு, அதான் அந்தச் சிவப்பு. மீனும் வாத்தும் தின்னது போக மிச்சம் கடிக்காத சின்னப் பூச்சியா மேல பறக்கும், அதைப் பிடிக்கத்தான் சாயங்காலம் தகைவிலான் குருவியும் வவ்வாலும் தண்ணிமேல வட்டமடிக்குது. அல்லி இலையைத் திருப்பினா நத்தை முட்டை ஜெல்லியா ஒட்டியிருக்கும். முக்குளிப்பான்ங்கிற நீர்ப்பறவை இந்தச் செடியையே சேர்த்துத்தான் மிதக்கிற கூடு கட்டுது.

பிரச்சனை சத்து இல்ல, அளவு மீறிக் கொட்டுறதுதான். 1973ல கனடாவுல 226ங்கிற நம்பர் உள்ள ஒரு ஏரியைத் திரை போட்டு ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் ஊத்தினாங்க, ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பாசியா பொங்கிடுச்சு. நம்ம கழிவுநீரும் வயல் உரமும் கொண்டுவர்றது இந்த பாஸ்பரஸைத்தான். பாசி மூடினா அடியில வெளிச்சம் போகாது, செடி சாகும், ராத்திரி ஆக்ஸிஜன் குறைஞ்சு விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து தவிக்கும், அதைப் பார்த்தா மனசு கேக்காது.

ஆழமில்லாத குளத்துல பாசியைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கிறது டாஃப்னியாங்கிற குட்டி உயிர், மீன்கிட்ட இருந்து அது ஒளிஞ்சுக்கிறது செடிக்குள்ளதான். நீங்க செடியை மொத்தமா வழிச்சிட்டா அதுக்கு ஒளிய இடமில்ல, சேறும் கலங்கி, தெளிஞ்சிருந்த குளம் நிரந்தரமா பச்சையாவே நின்னுடலாம்.

அதனால முதல்ல உள்ள வர்ற கழிவுநீரை நிறுத்துங்க, அது வந்துட்டே இருக்கும்போது தூர் வாரி பிரயோஜனம் இல்ல. செடி எடுத்தே ஆகணும்னா கூடு கட்டுற காலத்தை விட்டுட்டு, ஒரு வருஷம் ஒரு பக்கம்னு எடுங்க. எடுத்ததை ஒரு நாள் கரையோரமாவே போட்டு வைங்க, உள்ள இருக்கிற தும்பிக் குஞ்சும் நத்தையும் தண்ணிக்குத் திரும்பிப் போகட்டும், மறுநாள் மறக்காம அள்ளிட்டுப் போயிடுங்க, அங்கேயே அழுகினா அந்தச் சத்து மறுபடி குளத்துக்குள்ளதான் இறங்கும்.